முப்பத்தாறு புள்ளி நாலு

செத்துப்போன இல்ஹாமுக்கு வெள்ளிக்கிழமைவரை காய்ச்சலே இல்லை. அவன் செத்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆனால் புதன்கிழமை முப்பத்தாறு புள்ளி ஐந்து, வியாழன் முப்பத்தாறு புள்ளி நாலு, வெள்ளி முப்பத்தாறு புள்ளி ஆறு என்று, நீல மையில் முத்து முத்தான கையெழுத்தில், அவன் பெயருக்கு நேரே எழுதியிருந்தது. எழுதியவன் யுகேந்திரன். திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு, முப்பத்தெட்டுப் பேருக்கும் ஐந்து நாள் கணக்கையும் ஒரே மூச்சில் எழுதி முடித்திருந்தான்.

கேட்கிறவர்களுக்கு, என்ன மனுஷன் இவன் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யுகேந்திரன் ஏனோதானோ என்று இருக்கிற பையன் இல்லை. அதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

ராணுவத்தில் கட்டாயம் சேரவேண்டிய தேசிய சேவை என்றாலே பையன்கள் மூக்கால் அழுவார்கள். இரண்டு வருஷம் வீணாகப்போகிறதே என்று அவனோடு படித்தவர்கள் எல்லாம் புலம்பினார்கள். இவன் ஒருத்தன்தான் சந்தோஷமாகப் போனான். சேவை முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் தாதிமை, அதாவது நர்ஸ் படிப்புக்கு இடம் தயாராக இருந்தது. அதற்கு ஏற்றாற்போல் ராணுவத்திலும் அவனை முதலுதவி பார்க்கும் மெடிக் ஆக்கினார்கள். மருத்துவப் பயிற்சிப் பள்ளியில் இருந்த பத்து வாரமும் அவனுக்குத் திருவிழா. ஒருவர் கையில் ஒருவர் ஊசி குத்திப் பழகினார்கள். இவன் கை நரம்பெல்லாம் நீலம் பாரித்துப்போனது. அதை வீட்டுக்கு வந்து பதக்கம் மாதிரிக் காட்டினான். "எங்க யுகன் பாதி டாக்டரு" என்று அவன் அம்மா தொலைபேசியில் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தாள்.

பயிற்சி முடிந்து வடக்கே ஒரு முகாமில் மருத்துவ அறைக்கு அனுப்பினார்கள். முதல் நாள், பூட்ஸை அப்படிப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு, விறைப்பாகக் கதவைத் தட்டினான். பதில் இல்லை. திறந்தால் உள்ளே ஏசி குளிர் எலும்பைக் கடித்தது. நோயாளிகளைப் படுக்கவைக்கும் கட்டிலில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பெயர் வெய் ஷெங், இவனுக்கு ஆறு மாதம் மூத்த மெடிக். மேசைக்குப் பின்னால் ரப்பர்ச் செருப்பும் அரைக்கால் சட்டையுமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் சார்ஜண்ட் குணாளன். பதினாறு வருஷமாக இதே வேலையில் இருப்பவர்.

"வாங்க தம்பி. சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன் சார்ஜண்ட்."

"அப்ப உக்காரு. இங்க நிக்கறதுக்கெல்லாம் வேலையே இல்ல."

உண்மையாகவே இல்லை. ஆக்சிஜன் உருளையைத் தினமும் சோதித்ததாக மாதம் முழுவதற்கும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்தது. அலமாரியில் இருந்த காய்ச்சல் மருந்தில் பாதி காலாவதி. இரண்டு வெப்பமானிகள் இருந்தன. ஒன்றில் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. புது பேட்டரி கேட்டு எழுதிப்போட்டால் மூன்று வாரம் ஆகும், அதுவும் எழுதிப்போட்டால்தானே! யுகேந்திரன் அன்றைக்குச் சாயந்திரமே தன் கைக்காசில் பேட்டரி வாங்கிப் போட்டான். அதைப் பார்த்து வெய் ஷெங் கட்டிலில் புரண்டு படுத்துச் சிரித்தான்.

"டேய், நீ என்ன, மெடலு வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவியா?"

காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் பிளட்டூனில் ஒவ்வொருத்தனுக்கும் உடல் வெப்பம் பார்த்து, தாளில் எழுத வேண்டும். முப்பத்தேழரைக்கு மேல் போனவன் அன்றைக்குப் பயிற்சிக்குப் போகக்கூடாது. வெயில் கொளுத்துகிற ஊரில் உயிர் காப்பாற்ற வைத்த விதி. யுகேந்திரன் வந்த மறுநாளே வெப்பமானியோடு போய் நின்றான். காதில் வைத்து, பீப் என்று சத்தம் வந்ததும் பார்த்து எழுதினான். முப்பத்தெட்டுப் பேருக்கு அரை மணி நேரம் பிடித்தது. பையன்கள் வரிசையில் நின்று கொட்டாவி விட்டார்கள், கத்தினார்கள்.

"டாக்டர் ஐயா வந்துட்டாரு, எல்லாரும் காதைக் கழுவிக்குங்க!"

"அண்ணே, எனக்கு எத்தன மாசம்னு பாத்துச் சொல்லுங்கண்ணே!"

இப்படி ஒன்பது நாள் பார்த்தான். பத்தாம் நாள் குணாளன் கூப்பிட்டார். திட்டவில்லை. அவர் யாரையும் திட்டமாட்டார், நல்ல மனுஷன். தன் நூடல்ஸில் பாதியை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி, நீ வந்ததுலேர்ந்து முப்பத்தெட்டுப் பேருக்கும் சாப்பாடு ஆறிப்போகுது. மேலேர்ந்து என்னைக் கேக்கறாங்க. எவனுக்காவது காய்ச்சல்னா அவனே வந்து சொல்லமாட்டானா? இங்க உடம்பு சரியில்லன்னு நடிக்கறதுக்கே சாக்குத் தேடறானுங்க. நிஜமா உடம்பு சரியில்லாதவன் சும்மா இருப்பானா?"

"ஆனா தாள்ல எழுதணுமே சார்ஜண்ட்."

"எழுதக்கூடாதுன்னு நான் சொல்லலையே."

வெய் ஷெங்தான் தொழிலைச் சொல்லிக்கொடுத்தான். எல்லாருக்கும் முப்பத்தாறரை போட்டால் மாட்டிக்கொள்வோம். மேலும் கீழுமாகப் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் வரக்கூடாது. குண்டாக இருப்பவனுக்கு அரைப் புள்ளி ஏற்றிப் போடலாம். வாரத்துக்கு ஒருத்தனுக்கு முப்பத்தேழு போட்டால் பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரும். பேனாவைக்கூட நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டும்.

முதல் நாள் எழுதியபோது யுகேந்திரனுக்குக் கை கூசியது. இரண்டாம் நாள் கூசவில்லை. அதுதான் அவனுக்கு அதிர்ச்சி. இதற்கா பத்து வாரம் கை முழுக்க ஊசி வாங்கினேன் என்று ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தான். அப்புறம் அதுவும் விட்டுப்போயிற்று. அவனுக்கென்று ஒரு கட்டில் இருந்தது, ஏசி இருந்தது, மத்தியானத்தில் தூக்கம் வந்தது. கணக்குப் பார்க்க மேலிடத்து ஆட்கள் வந்தபோது, முகாமிலேயே சுத்தமான தாள் இந்தப் பிளட்டூனுடையதுதான் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். குணாளன் எல்லாருக்கும் கோழிச்சோறு வாங்கிக்கொடுத்தார். யுகேந்திரன் அதையும் சாப்பிட்டான்.

அந்தத் திங்கட்கிழமை அவன் உணவுக்கூட மேசையில் உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்து நின்றான் இல்ஹாம். ஒல்லியான பையன், அதிகம் பேசாதவன், ஒருநாளும் உடம்பு சரியில்லை என்று மருத்துவ அறைப் பக்கம் வந்ததில்லை. முந்தின நாள் ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தான். கண்ணிரண்டும் சிவந்திருந்தன. யுகேந்திரன் அதைப் பார்த்தான். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"மெடிக், இன்னிக்கு டெம்பரேச்சர் பாக்கலயா?"

"பாத்தாச்சுடா."

"எனக்குப் பாக்கலயே."

யுகேந்திரன் தாளைத் திருப்பி, அவன் பெயரைப் பேனாவால் தட்டிக் காட்டினான். "இங்க பாரு. முப்பத்தாறு புள்ளி நாலு. நீயெல்லாம் நூறு வருஷம் இருப்ப, போ."

இல்ஹாம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மாதிரி சிரித்தான். "அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்போல" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றான்.

ஏழரை மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம் தொடங்கியது. ஆறாவது கிலோமீட்டரில் இல்ஹாம் நேராக ஓடாமல் ஓரம் ஓரமாகப் போனான், முட்டி மடங்கி விழுந்தான். பின்னால் வண்டியில் வந்த யுகேந்திரன் குதித்து ஓடினான். சும்மா சொல்லக்கூடாது, பள்ளியில் கற்றது ஒன்றுகூட அவனுக்கு மறந்துபோகவில்லை. சட்டையைக் கிழித்தான், அக்குளிலும் தொடையிலும் ஐஸ் வைத்தான், முதல் குத்திலேயே நரம்பு பிடித்துத் தண்ணீர் ஏற்றினான். வெப்பமானியைக் காதில் வைத்தான். அந்த முதல் ஒன்பது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இல்ஹாமின் சூட்டை நிஜமாகப் பார்க்கிறான். நாற்பத்தொன்று புள்ளி எட்டு.

மறுநாள் மருத்துவமனையில் உயிர் போயிற்று. அன்று சாயந்திரமே அடக்கம் செய்துவிட்டார்கள்.

புதன்கிழமை காலை குணாளன் மருத்துவ அறைக் கதவை உள்ளே தாழ் போட்டார். அவர் தாழ் போட்டு யாரும் பார்த்ததில்லை. மேசைமேல் அந்த வாரத்துத் தாளை விரித்தார்.

"நாளைக்கு விசாரணைக்கு இதைக் கேக்கறாங்க. இதைப் பாத்தியா?"

யுகேந்திரன் பார்த்தான். இல்ஹாமின் வரிசையில் ஐந்து எண்கள் இருந்தன. இன்னும் வராத வியாழனும் வெள்ளியும் நிரம்பியிருந்தன.

"மண்ணுக்குள்ள போயிட்டான் தம்பி அந்தப் பையன். அவனுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டெம்பரேச்சர் போட்டு வச்சிருக்க." குணாளன் முகம் துடைத்துக்கொண்டார். புதுத் தாள் ஒன்றை அவன் முன்னால் வைத்தார். "திங்கட்கிழமை வரிசையை மட்டும் இதுல பாத்து எழுதிடு."

"சார்ஜண்ட், நான் திங்கட்கிழமையும் பாக்கலயே."

"எனக்குத் தெரியும். பொய் எழுதுன்னு நான் சொல்லல. ஏற்கெனவே எழுதினதைத்தான் மறுபடி எழுதச் சொல்றேன். உனக்குப் படிப்பு இருக்கு. வெய் ஷெங்குக்கு இன்னும் ரெண்டு மாசம். எனக்கு மூணு புள்ளைங்க. போன உசிரு இதனால திரும்பி வரப்போறதில்ல." அழுதுகொண்டேதான் சொன்னார். நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார்.

யுகேந்திரன் எழுதினான். முப்பத்தெட்டு எண்களையும் பார்த்துப் பார்த்து, ஒன்றுகூட மாறாமல் எழுதினான். பழைய தாளைக் குணாளன் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் விட்டார். நூடல்ஸ் மாதிரி கீழே விழுந்தது.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். "நீதான் வெப்பம் பாத்தியா?" என்று கேட்டார்கள். "ஆமாம் சார்" என்றான். "எவ்வளவு?" என்றார்கள். "முப்பத்தாறு புள்ளி நாலு சார்" என்றான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பையன் விழுந்ததும் நீ செய்த முதலுதவி அருமை என்று நடுவில் இருந்தவர் கைகொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. வெப்பமானியின் பீப் சத்தம். அன்றைக்குக் காலையில் வராத சத்தம். பட்டப்பகலில், ஊர் முழுக்க ஆட்கள் இருக்கும்போது கேட்டது. உணவுக்கூடத்தில் தட்டை நீட்டும்போது காதுக்குப் பக்கத்தில் பீப் என்னும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தான். கண் சிவந்தவர் யாராவது ஏறினால் அடுத்த பெட்டிக்கு ஓடினான். வரிசையில் நிற்கும் முதுகுகளில் ஒன்று எப்போதும் இல்ஹாமுடையதாக இருந்தது. "அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன்போல" என்று அது சொல்லும். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவன் நம்பிவிட்டுப் போனானே, அதுதான் இவனைத் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா ரசம் ஊற்றும்போது எழுந்து அவள் நெற்றியில் கை வைத்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. சுடுதா பாத்தேன்."

"அடுப்படியிலேர்ந்து வர்றேன், சுடாம என்ன செய்யும்? ஒழுங்காச் சாப்பிடு. ஆளு பாதியாப் போயிட்ட."

முகாமுக்குப் புத்தம் புதிதாகப் பத்து வெப்பமானிகள் வந்தன. மேலதிகாரியே வந்து பக்கத்தில் நிற்க, இரண்டு வாரம் எல்லாருக்கும் காதில் வைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் மேலதிகாரி வரவில்லை. ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை காலை, யுகேந்திரன் உணவுக்கூடத்துக்குள் நுழையும்போது, வெய் ஷெங் ஒரு கையால் முட்டையை உரித்துக்கொண்டே மறு கையால் தாளை நிரப்பிக்கொண்டிருந்தான். அச்சடித்த பெயர்ப்பட்டியலை யாரும் மாற்றவே இல்லை. பன்னிரண்டாவது பெயர் இல்ஹாம். வேகமாக ஓடிவந்த பேனா அந்தப் பெயருக்கும் முப்பத்தாறரை போட்டுவிட்டுப் பதின்மூன்றுக்குப் போய்விட்டது.

யுகேந்திரன் அதில் விரலை வைத்தான்.

வெய் ஷெங் பார்த்தான். முட்டையைக் கீழே வைத்தான். "ஐயோ" என்றான் மெதுவாக. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அந்த எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டான். அடித்தால் தாள் அசிங்கமாகத் தெரியும் என்று, புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான்.

யுகேந்திரன் சாப்பிடாமலே வெளியே போனான்.

அந்த ஞாயிறு இல்ஹாமின் வீட்டில் நாற்பதாம் நாள் கந்தூரி. பிளட்டூனில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். நாலைந்து பேர் போனார்கள், யுகேந்திரனும் போனான். அதுவரை அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். ஈசூன் பகுதியில் அடுக்குமாடி வீடு, நாலாவது மாடி. ஓதி முடித்து, சாப்பிட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து கொண்டிருந்தார்கள். இவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"மெடிக் யாரு இங்க?"

இல்ஹாமின் அம்மா ரோஹானி. பள்ளிக்கூட உணவகத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் கடை வைத்திருப்பவர். கட்டைகுட்டையான உருவம், பெரிய கைகள். யுகேந்திரன் கையை உயர்த்தினான்.

"வா புள்ள, உள்ள வா. கொஞ்சம் பேசணும்."

சமையலறைக்குக் கூட்டிப்போய் முக்காலியில் உட்காரவைத்தார். அண்டாவைத் தேய்க்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நீதானே என் மகனுக்கு ஐஸ் வச்சவன்? விசாரணை பண்ணின மேஜர் சொன்னாரு. ரொம்பப் பாடுபட்டியாமே. உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

"வேணாம் மக்சிக்" என்றான். மலாய்க்கார அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அதற்குள் ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். இல்ஹாமின் தங்கை நூரின். "அம்மா, தலை வலிக்குது" என்று தாயின் இடுப்பில் சாய்ந்தாள். ரோஹானியின் கை மகள் நெற்றிக்குப் போயிற்று, தொடாமல் பாதியிலேயே நின்றது. குளிர்பதனப் பெட்டிமேல் இருந்து வெப்பமானியை எடுத்து அவளிடம் கொடுத்தார். "இதை வச்சுப் பாத்துட்டு வந்து எவ்வளவுன்னு சொல்லு" என்று அனுப்பினார்.

யுகேந்திரன் பார்ப்பதைப் பார்த்தார்.

"இப்பல்லாம் கையை நம்பறதில்ல புள்ள. முப்பது வருஷமா சட்டியும் அடுப்பும் தொட்டுத் தொட்டு என் கை மரத்துப்போச்சு. உனக்கு ஒண்ணு சொல்றேன். அந்த ஞாயித்துக்கிழமை அவன் முகாமுக்குக் கிளம்பறப்ப நெத்தியில கை வச்சேன். அடுப்பு மாதிரி கொதிச்சுது. டேய், போகாத, போன் பண்ணிச் சொல்லுன்னேன். சொன்னா நடிக்கறான்னு சொல்வாங்கம்மா, நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு அவன் சொன்னான். சரி, போ, காலையில எப்படியும் அவங்க டெம்பரேச்சர் பாப்பாங்க, காய்ச்சல்னா ஓட விடமாட்டாங்கன்னு நானே பையைத் தூக்கிக் கொடுத்தேன்." மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் பாத்தா முப்பத்தாறு புள்ளி நாலுங்கறாங்க. காய்ச்சலே இல்லையாம். என் அக்கா சொல்றா, உனக்குப் பிரமைன்னு. மிஷின் பொய் சொல்லுமா? கைதான் பொய் சொல்லியிருக்கு. சரி, அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான். காய்ச்சலோட புள்ளைய அனுப்பலயே நான். அதை நினைச்சுத்தான் தூங்கறேன்."

இதற்குமேல் எவனால் சும்மா இருக்க முடியும்? எழுந்து போயிருந்தால் அந்த அம்மா நிம்மதியாகத் தூங்கியிருப்பார், இவன் படிப்பும் பத்திரமாக இருந்திருக்கும். போய்விடலாம் என்றுதான் யுகேந்திரன் எழுந்தான். சத்தியமாக அப்படித்தான் எழுந்தான். காதுக்குப் பக்கத்தில் பீப் என்றது. அது பக்கத்து அறையில் நூரின் வைத்த வெப்பமானி. "அம்மா, முப்பத்தேழு" என்று அவள் கத்தினாள்.

"மக்சிக், உங்க கை பொய் சொல்லல" என்றான்.

"என்ன?"

"நான் பாக்கல. அன்னிக்கு நான் யாருக்குமே டெம்பரேச்சர் பாக்கல. சும்மா எழுதினேன். அவன் என்கிட்ட வந்து பாக்கலயான்னு கேட்டான். பாத்தாச்சு போன்னு சொன்னேன். முப்பத்தாறு புள்ளி நாலு நான் இட்டுக்கட்டினது. உங்க கைதான் சரி."

ரோஹானி அவனையே பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தான், அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அவனுக்குக் காய்ச்சல் இருந்துச்சு."

"ஆமா மக்சிக்."

"எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சே பையைத் தூக்கிக் கொடுத்திருக்கேன்."

"இல்ல, இல்ல! நீங்க பாப்பாங்கன்னு நம்பி அனுப்பினீங்க. என்னை நம்பி அனுப்பினீங்க. பாக்காதது நான்." அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் வேலைய ஒழுங்காச் செய்யணும்னுதான் அங்க போனேன் மக்சிக். அங்க யாருமே செய்யல. நானும் செய்யாம விட்டுட்டேன்."

"அழாத" என்றார் ரோஹானி. ஆறுதலாகச் சொல்லவில்லை. இப்போது அழுவதற்கு உனக்கு நேரமில்லை என்பதுபோலச் சொன்னார். முன்கூடத்தில் மிச்சமிருந்த சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் அலமாரி இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். விசாரணை நடத்திய மேஜர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனது. தன் கைபேசியில் அந்த எண்ணை அவரே அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லு."

மூன்றாவது மணியில் மேஜர் எடுத்தார். பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது.

யுகேந்திரன் தன் பெயரையும் பிளட்டூனையும் சொன்னான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். முட்டை உரித்துக்கொண்டே நிரப்புகிற தாளை, வெள்ளிக்கிழமைவரை எழுதி வைத்ததை, பார்த்து எழுதிய இரண்டாவது தாளை, விசாரணையில் சொன்ன பொய்யை. குணாளன் அழுதாரே, அதையும் சொன்னான். சொல்லச் சொல்ல மேஜரின் வீட்டுச் சத்தம் அடங்கியது. வேறு அறைக்குப் போய்விட்டார்போல.

"நீ இப்ப எங்கிருந்து பேசற? என்ன சொல்றன்னு தெரிஞ்சுதான் பேசறியா? இதுக்கு உன்னை உள்ள தள்ளுவாங்க."

"தெரியும் சார்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது, மேஜர் எழுதிக்கொள்கிறார் என்பது தெரிந்தது.

"சரி. அந்த எண் பொய்யின்னா, அன்னிக்குக் காலையில அந்தப் பையனுக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

இந்த ஒரு கேள்விக்காவது சரியான பதில் சொல்ல முடியாதா என்று யுகேந்திரன் தவித்தான்.

"தெரியாது சார். யாரும் பாக்கல. இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியும்" என்றார் ரோஹானி.